பிள்ளையின் மதிப்பெண்ணுக்கு யார் பதில் சொல்வது? பள்ளியின் பொறுப்பு பற்றி ஆசிரியர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். கடைசி ஆறு ஆண்டுகள் தலைமையாசிரியை. ஓய்வு பெற்ற பிறகும் மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்தால் போதும், பெற்றோர், புதிதாக வேலையில் சேர்ந்த ஆசிரியர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பதிலில் என் கருத்தோடு, ஆசிரியர் அறையில் நாங்கள் ஆண்டுக்கணக்காகப் பேசியதும் இருக்கிறது.

"பிள்ள பெயிலாயிட்டா அது யார் தப்பு டீச்சர்? பள்ளிக்கூடமா, வீடா?"

பள்ளிக்கு அதில் பங்கு உண்டு. எனக்குத் தெரிந்த நல்ல ஆசிரியர்கள் எல்லோரும் இதை முதலில் ஒப்புக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பார்கள். நேரத்துக்கு வருவது, பாடத்தைத் தயார் செய்துகொண்டு வருவது, யாருக்குப் புரியவில்லை என்று கண்டுபிடித்து மறுபடி நடத்துவது, நோட்டைத் திருத்துவது எல்லாம் எங்கள் கையில் இருப்பவை. இவற்றில் தவறினால் எங்களைத்தான் கேட்க வேண்டும்.

வீட்டின் பங்கும் பெரியது. 1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் குழு நடத்திய பெரிய ஆய்வு, மாணவர்களின் மதிப்பெண் வித்தியாசத்துக்குப் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே அதிகம் காரணமாக இருக்கிறது என்று சொன்னது. ஆசிரியர்கள் இதை அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் இதைச் சொல்லிக் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு நாதி இல்லை. பின்னணி பலவீனமாக இருக்கும் இடத்தில்தான் எங்கள் பொறுப்பு கூடுகிறது.

"இதெல்லாம் சட்டத்துல இருக்கா, இல்ல வாய்ப்பேச்சா?"

இருக்கிறது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. ஒழுங்காக வர வேண்டும், குறித்த காலத்தில் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும், பெற்றோரைக் கூட்டி வருகையையும் முன்னேற்றத்தையும் சொல்ல வேண்டும். தவறினால் பணி விதிகளின்படி நடவடிக்கை எடுக்கலாம். இந்தச் சட்டம் 1 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கானது.

கவனித்துப் பாருங்கள், 'இத்தனை விழுக்காடு தேர்ச்சி காட்ட வேண்டும்' என்று அதில் எங்குமே இல்லை. வேலையைச் செய்தாயா என்றுதான் சட்டம் கேட்கிறது. அதே சட்டம் அரசையும் கட்டுப்படுத்துகிறது. தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், அதற்கு மேல் எட்டு வரை 35 பேருக்கு ஒருவர் என்று அட்டவணை போட்டிருக்கிறது. 26ஆம் பிரிவு, காலிப் பணியிடம் மொத்த இடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. 24ஆம் பிரிவை எங்களுக்கு வாசித்துக் காட்டிய அதிகாரிகள் உண்டு. 26ஆம் பிரிவை ஒரு கூட்டத்திலும் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

"தேர்ச்சி குறைஞ்சா உங்கள என்ன பண்ணிடப் போறாங்க? சம்பளம் வந்துடும்ல?"

சம்பளம் வரும். அதோடு விளக்கம் கேட்டு 'மெமோ' என்னும் குறிப்பாணையும் வரும். மாவட்ட அளவில் மீளாய்வுக் கூட்டம் நடக்கும். பாடவாரியாக, பள்ளிவாரியாகத் தேர்ச்சி விழுக்காட்டைத் திரையில் போடுவார்கள். குறைந்த பள்ளிகள் சிவப்பில் இருக்கும். தலைமையாசிரியர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு கூட்டம் எனக்கு மறக்கவில்லை. எனக்கு முன் வரிசையில் ஒரு தலைமையாசிரியர் எழுந்து நின்றார். வயது ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு இருக்கும். கோப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். அவர் பள்ளியில் தேர்வு எழுதியவர்கள் 14 பேர், தேறியவர்கள் 10 பேர். 71 விழுக்காடு. தவறிய நான்கு பேரில் இரண்டு பேர் பொங்கல் முடிந்ததும் அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போனவர்கள். இவர் தன் வண்டியில் போய் அவர்களை அழைத்து வந்து பரீட்சை எழுத வைத்திருக்கிறார். அழைத்து வராமல் இருந்திருந்தால் தேர்ச்சி விழுக்காடு கூடியிருக்கும். அவரிடம் கேட்கப்பட்டது, "ஏன் 71?" என்ற ஒன்றுதான். அந்த நான்கு பேரின் பெயர் என்ன, ஏன் தவறினார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆசிரியர்களின் மனக்குறை எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

"கேள்வி கேட்டாலே வாத்தியாருங்களுக்குக் கோபம் வருதே, ஏன்?"

கேட்பதால் வரும் கோபம் என்று நான் நினைக்கவில்லை. மேலே சொன்ன கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். கேள்வி எப்போதும் மேலிருந்து கீழேதான் வருகிறது. மூன்று ஆண்டுகளாக எங்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் பணியிடம் காலி என்று எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராது. அறிவியலில் ஏன் தேர்ச்சி குறைவு என்ற கடிதம் மட்டும் தவறாமல் வரும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோபம் சில நேரம் திரையாகவும் பயன்படுகிறது. வகுப்புக்கே போகாதவரும் கூட்டத்தில் சேர்ந்து உரக்கக் கோபப்படுவார். அப்படிப்பட்டவர்களால் உழைக்கிறவர்களின் நியாயமும் அடிபட்டுப் போகிறது என்று ஆசிரியர்களே வருத்தப்படுவார்கள், வெளியில் சொல்ல மாட்டார்கள்.

"பத்தாவதுல 93 பர்சன்ட் பாஸுங்கறாங்க. ஆனா என் பையனுக்குத் தப்பில்லாம ஒரு லெட்டர் எழுத வரல. எது உண்மை?"

இரண்டுமே உண்மைதான். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 2023இல் 91.39 விழுக்காடு, 2024இல் 91.55, 2025இல் 93.80. இது 35 மதிப்பெண் எடுத்தவர்களின் கணக்கு. 35 எடுப்பது வேறு, பாடம் தெரிவது வேறு.

கணக்குப் பாடத்திலேயே காட்டுகிறேன், இதை நானே செய்திருக்கிறேன். நூறு மதிப்பெண் வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. புத்தகத்தின் பின்னால் இருக்கும் வினாக்களைத் திரும்பத் திரும்ப எழுத வைத்தால் அவற்றில் பெரும்பகுதி கிடைத்துவிடும். செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. இரண்டும் பழகினால் கை தானாகப் போடும். 14ம் 16ம் 30. அதன் மேல் ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் கணக்கு போட்டால் 35. ஜனவரியிலிருந்து 'மெல்லக் கற்போர்' என்று பத்துப் பேரைத் தனியே உட்கார வைத்து, இதற்கென்றே அச்சடித்த 'மினிமம் மெட்டீரியல்' கொடுத்து, காலையும் மாலையும் இதையே செய்ய வைத்தோம். தேறினார்கள். அவர்களில் ஒருவனிடம் ஜூன் மாதம் கால் கிலோ மிளகாயின் விலையைக் கேட்டேன். கிலோ விலையைச் சொல்லியிருந்தும் அவனால் நான்கால் வகுக்க முடியவில்லை. தொடுகோடு மட்டும் அழகாக வரைவான்.

அவனைத் தேற வைத்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஐடிஐயில் பல பிரிவுகளில் அவனால் சேர்ந்திருக்க முடியாது. ஆனால் அந்த 35ஐ வைத்து என்னை 'நல்ல ஆசிரியை' என்று பாராட்டியபோது எனக்குக் கூச்சமாக இருந்தது.

"அப்போ பிள்ளைங்க நிஜமா என்ன கத்துக்கிட்டாங்கன்னு யாராவது பார்க்கிறாங்களா?"

பார்க்கிறார்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் நடத்தும் 'அசர்' ஆய்வில் ஊர்ப்புறத்தில் வீடு வீடாகப் போய், ஒரு சின்னப் பத்தியை வாசிக்கச் சொல்லியும் கழித்தல், வகுத்தல் போடச் சொல்லியும் பார்ப்பார்கள். மத்திய அரசின் தேசிய அடைவு ஆய்வு 2021 நவம்பரில் 3, 5, 8, 10ஆம் வகுப்புகளில் நடந்தது. 2024 டிசம்பரில் அதுவே 'பரக்' என்ற பெயரில் 3, 6, 9ஆம் வகுப்புகளில் நடந்தது. மாநில அரசும் 2025 தொடக்கத்தில் 3, 5, 8ஆம் வகுப்புகளில் தனியாக ஓர் அடைவு ஆய்வு நடத்தியது.

இவற்றைப் பல ஆசிரியர்கள் பொதுத் தேர்வைவிட நேர்மையானவை என்று ஏற்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை வைப்பார்கள்: இதையும் மாவட்டத்துக்கு மாவட்டம் தரவரிசை போட்டு மீளாய்வுக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தால், அடுத்த ஆண்டு இதற்கும் ஒரு மினிமம் மெட்டீரியல் வந்துவிடும். ஆய்வுக்கு ஒரு மாதம் முன்னால் மாதிரி வினாத்தாள்களை நடத்தச் சொன்ன சுற்றறிக்கைகளை நானே பார்த்திருக்கிறேன். காய்ச்சல் பார்க்கும் முன் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்குவது போன்ற வேலை அது.

"எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ் போட்டதாலதானே இந்தக் கதி?"

இதில் ஆசிரியர்களே இரண்டு அணி. உயர்நிலை வகுப்புகளை நடத்துகிறவர்களில் பலர் 'ஆமாம்' என்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளையை முதலில் சந்திப்பது அவர்கள்தான். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பலர் வேண்டாம் என்பார்கள். பெயில் போட்ட பிள்ளை அடுத்த ஆண்டு அதே பெஞ்சில் உட்கார்ந்து படிப்பதில்லை, ஆடு மேய்க்கவோ தம்பியைப் பார்த்துக்கொள்ளவோ போய்விடும் என்பது அவர்கள் கண்ணால் கண்டது.

2019இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, 5, 8ஆம் வகுப்புகளில் பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கும் உரிமை மாநிலங்களுக்குக் கிடைத்தது. தமிழ்நாடு அந்த ஆண்டே இரு வகுப்புகளுக்கும் பொதுத் தேர்வை அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததும் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளுக்கு விதியை மாற்றியபோதும், இங்கே கட்டாயத் தேர்ச்சி தொடரும் என்று மாநில அரசு சொன்னது. நான் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பக்கம். பத்து வயதுப் பிள்ளையை பெயிலாக்கினால் பொறுப்பு முழுவதையும் அந்தப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிடுகிறோம். ஆனால் அதே சட்டம் கேட்ட 'மதிப்பிட்டுக் கூடுதலாகக் கற்பித்தல்' நடந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. தேர்ச்சி போடுவதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம். இதில் எங்கள் பங்கும் இருக்கிறது.

"பிரைவேட் ஸ்கூல் மட்டும் எப்படி சென்டம் காட்டுது?"

நன்றாக நடத்தும் தனியார் பள்ளிகளும் உண்டு. ஆனால் சென்டம் காட்ட ஒரு குறுக்குவழியும் இருக்கிறது: தேறாது என்று தோன்றும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே டிசி கொடுத்து அனுப்பிவிடுவது. அந்தப் பிள்ளை நேரே எங்களிடம்தான் வரும். ஜூன் மாதச் சேர்க்கையில் அந்த டிசிகளைக் கையில் வாங்கியவள் நான். அரசுப் பள்ளி யாரையும் திருப்பி அனுப்ப முடியாது, கூடாது. ஆக, வடிகட்டிய பள்ளியையும் வடிகட்டாத பள்ளியையும் ஒரே அட்டவணையில் வைத்துத்தான் ஊரே பேசுகிறது.

இன்னொரு குறுக்குவழி பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஓட்டுவது. அதைத் தடுக்கத்தான் 2017இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதும் அதே ஆண்டில் நின்றது. அதை நாங்கள் மனதார வரவேற்றோம். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத் தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்ததில் மகிழ்ச்சி. பழைய குறுக்குவழி திரும்பிவிடக் கூடாதே என்ற கவலை முதுகலை ஆசிரியர்களிடம் இருக்கிறது, அது நியாயமான கவலை.

"எமிஸ், எமிஸ்ங்கறாங்களே, அது சாக்கா நிஜமா?"

பெரும்பாலும் நிஜம். வருகைப் பதிவு, நலத்திட்டப் பொருள்கள், உயரம் எடை, தேர்வு மதிப்பெண் எல்லாவற்றையும் எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். இரண்டே ஆசிரியர்கள் உள்ள தொடக்கப் பள்ளியில் ஒருவர் கைப்பேசியோடு சிக்னல் தேடிக்கொண்டிருந்தால் ஐந்து வகுப்பையும் மற்றவர்தான் பார்க்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. பதிவேற்றம் அந்தத் தடைக்குள் வராது, ஏனென்றால் அது 'கல்விப் பணி' என்ற பெயரில் வருகிறது.

"நல்லா சொல்லிக் கொடுக்கிறவங்களுக்கு போனஸ் கொடுத்துட்டா எல்லாம் சரியாயிடுமே?"

நம் பக்கத்திலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திரத்தின் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடத்திய ஆய்வு அது. மாணவர்களின் சராசரி மதிப்பெண் 5 விழுக்காட்டுக்கு மேல் முன்னேறினால், அதன் பின் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் 500 ரூபாய். தொகை ஆண்டுச் சம்பளத்தில் சுமார் 3 விழுக்காடுதான். இரண்டு ஆண்டு முடிவில் அந்தப் பள்ளிகளின் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் மற்றப் பள்ளிகளை முந்தினார்கள். பணம் அறிவிக்காத அறிவியல், சமூக அறிவியலிலும் முந்தினார்கள். அங்கே ஆசிரியர்களின் கருத்தையும் கேட்டிருக்கிறார்கள். 80 விழுக்காட்டுக்கும் மேலானவர்கள் திட்டத்துக்கு ஆதரவு. வயதும் அனுபவமும் சம்பளமும் கூடக்கூட ஆதரவு குறைந்தது. ஆசிரியர்கள் அளக்கப்படுவதையே வெறுக்கிறார்கள் என்பவர்களுக்கு இதுவே பதில். கவனிக்க வேண்டியது, அங்கே அளந்தது முன்னேற்றத்தை. இங்கே நாம் அளப்பது தேர்ச்சியை.

தேர்ச்சிக்குக் காசு என்ற வழியும் நமக்குப் புதிதில்லை. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த விதிப்படி, இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கில் சோதிப்பார், தேறியதைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்துப் பள்ளிகளுக்கும் இதே வகை மானியம் வந்தது. பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தையே மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். இதை இங்கிலாந்தில் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் பள்ளி இன்ஸ்பெக்டராகவே இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்ட்.

"அமெரிக்காவுல எல்லாம் ரிசல்ட் வரலன்னா ஸ்கூலையே மூடிடுவாங்களாமே? இங்கயும் அப்படிப் பண்ணா என்ன?"

2002இல் அங்கே 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' என்ற சட்டம் வந்தது. 3 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு. 2014க்குள் நூற்றுக்கு நூறு பிள்ளைகளும் தகுதி பெற வேண்டும். தொடர்ந்து தவறும் பள்ளியைச் சீரமைக்கலாம், நிர்வாகத்தை மாற்றலாம். அந்தச் சட்டத்தில் அங்குள்ள ஆசிரியர்களே பாராட்டியது ஒன்று உண்டு. கறுப்பினப் பிள்ளைகள், ஏழைப் பிள்ளைகள், மாற்றுத்திறன் பிள்ளைகள் என்று தனித்தனியாகக் கணக்குக் காட்ட வைத்தது. சராசரிக்குள் யாரையும் ஒளித்து வைக்க முடியவில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதுதான்.

மற்றது வினையாக முடிந்தது. தேர்வில் இல்லாத பாடங்கள் சுருங்கின. அட்லாண்டா நகரில் ஆசிரியர்களே உட்கார்ந்து பிள்ளைகளின் தவறான விடைகளை அழித்துத் திருத்தியதாக 2011இல் அரசு விசாரணை கண்டது. 44 பள்ளிகள், 178 கல்வியாளர்கள். 2015இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. நூறு விழுக்காடு இலக்கை எந்த மாநிலமும் தொடவில்லை. 2015 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டம் வந்தது.

"நம்ம ஊர்லயும் பரீட்சை ஹால்ல 'ஹெல்ப்' பண்றாங்கன்னு பேசிக்கிறாங்களே?"

நடக்கவே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு மதிப்பெண் விடைகளை மெல்லச் சொல்லிவிட்டுப் போகும் கண்காணிப்பாளரைப் பற்றி எல்லா ஆசிரியர் அறையிலும் பேச்சு உண்டு. "என் பள்ளிப் பிள்ளைகளைக் கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று என்னிடமே தொலைபேசியில் கேட்டவர்கள் உண்டு. மாட்டேன் என்றேன். அவர்களை வில்லன்களாகவும் நினைக்கவில்லை. சிவப்பில் வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள். ஆனாலும் அது திருட்டு. உழைத்துப் படித்த பிள்ளையிடமிருந்து திருடியது. அழுத்தம் காரணமாக இருக்கலாம், மன்னிப்பு ஆகாது.

"பத்தாவது டீச்சர் என்ன பண்ணுவாங்க பாவம், அஞ்சாவதுல விட்ட ஓட்டைக்கு?" (இளம் ஆசிரியர் ஒருவர்)

நியாயமான கேள்வி, ஆனால் இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போனால் முதல் வகுப்பு ஆசிரியர் அங்கன்வாடியைக் காட்டுவார், அங்கன்வாடி அம்மாவைக் காட்டும். உன்னிடம் வரும்போது அந்தப் பிள்ளை எங்கே நின்றது, உன்னிடமிருந்து போகும்போது எங்கே நின்றது? இந்த இடைவெளிக்கு நீ பொறுப்பு. அதற்கு முன்னால் நடந்ததற்கு இல்லை.

"சரி, எதை வெச்சுத்தான் உங்கள அளக்கிறது?"

மேலே சொன்ன இடைவெளியை வைத்து. எங்கள் பள்ளியில் ஒரு தமிழாசிரியை நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தார். ஆறாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் ஜூன் மாதம் ஜன்னல் பக்கம் தனியே கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார். எழுத்து, சொல், வரி, பத்தி என்று நான்கு கட்டம். எங்கே நிற்கிறதோ அங்கே தேதி. செப்டம்பரில் மறுபடி, டிசம்பரில் மறுபடி, மார்ச்சில் மறுபடி. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. அந்த நோட்டில் ஒரு பையனின் தேதிகள் மட்டும் மூன்றாண்டு ஓடியது. ஒற்றெழுத்து வந்தால் நின்றுவிடுவான், 'பட்டம்' என்பதை 'பட்...டம்' என்று இரண்டு மூச்சில் சொல்வான். பேருந்துப் பலகைகளை எழுதிக் காட்டித்தான் அவனைச் 'சொல்'லில் இருந்து 'வரி'க்கு நகர்த்தினார். பத்தாம் வகுப்பில் செய்தித்தாள் தலைப்பை வாசித்தான். தேர்வில் தமிழில் 28 மதிப்பெண். மீளாய்வுத் திரையில் அவன் 'தவறியவர் 1'. எனக்குத் தெரிந்து அந்த ஆண்டு அந்தப் பள்ளியில் நடந்த மிகப் பெரிய கற்பித்தல் அந்த 28தான்.

முன்னேற்றத்தை அளப்பதிலும் சிக்கல் இருக்கிறது. சின்னப் பள்ளியில் 12 பேர் எழுதி இரண்டு பேர் தவறினால் 83 விழுக்காடு, அடுத்த ஆண்டு ஒருவர் தவறினால் 92. ஆசிரியரின் திறமை ஓராண்டில் ஒன்பது விழுக்காடு கூடிவிடுமா? அதனால் மூன்றாண்டு சேர்த்துப் பார்க்க வேண்டும், வருகை, இடைநிற்றல், காலிப் பணியிடம் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முக்கியமாக, வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு பாடவேளை முழுக்கப் பின் பெஞ்சில் உட்கார்ந்து நான் நடத்தியதைக் கவனித்த அதிகாரி என் பணிக்காலத்தில் ஒரே ஒருவர். அவர் சொன்ன குறைகள் இன்றும் என் நினைவில் இருக்கின்றன. வேறு எந்தக் குறிப்பாணையும் நினைவில் இல்லை.

"எல்லா டீச்சரும் இப்படித்தான் நினைக்கிறாங்களா?"

இல்லை. கட்டாயத் தேர்ச்சியில் எப்படிப் பிரிந்திருக்கிறார்கள் என்று மேலேயே சொன்னேன். பொறுப்பு என்று பேச்செடுத்தாலே அது சங்கத்தின் வேலை என்று ஒதுங்குபவர்கள் உண்டு. தேர்ச்சி விழுக்காடு இல்லாவிட்டால் பாதிப் பேர் பாடமே நடத்த மாட்டார்கள் என்று நம்பும் தலைமையாசிரியர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் அனுபவம் இருக்கிறது. தனியார் பள்ளி ஆசிரியர்களின் நிலைமை தனி. எங்களுக்குக் குறிப்பாணை வரும் இடத்தில் அவர்களில் பலருக்கு வேலையே போகும், அதைப் பேச மேடையும் இல்லை.

"எஸ்எம்சி கூட்டத்துல கையெழுத்துப் போட்டுட்டு வர்றதுதான் எங்க வேலை. நாங்க என்ன கேட்க முடியும்?" (ஒரு தாய்)

உங்களால்தான் கேட்க முடியும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளியைக் கண்காணிப்பதும் மேம்பாட்டுத் திட்டம் போடுவதும் மானியச் செலவைப் பார்ப்பதும் குழுவின் வேலை. 'ரிசல்ட் எவ்வளவு' என்று கேட்காதீர்கள், அது எல்லோருக்கும் தெரியும். என் பிள்ளை ஜூன் மாதம் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேளுங்கள். எத்தனை பணியிடம் காலி, யாருக்கு எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கடிதத்தின் நகலைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். குழுவின் தீர்மானமாக அதை எழுதி மேலே அனுப்பச் சொல்லுங்கள். ஆசிரியர் தனியாக எழுதினால் கோப்பில் தூங்கும் கடிதத்துக்கு, பெற்றோர் எழுதினால் பதில் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"எனக்கு மெமோ வந்திருக்கு மேடம். என்ன பதில் எழுதறது?" (வேலையில் சேர்ந்து இரண்டாண்டான பட்டதாரி ஆசிரியர்)

'இனி வரும் காலங்களில் தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்த முயல்வேன்' என்ற ஒற்றை வரியை எழுதிக் கொடுத்துவிடாதே. எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள், யாரும் அதைப் படிப்பதில்லை. தவறிய பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாக எழுது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வருகை நாள்கள், நீ எடுத்த கூடுதல் வகுப்புகள், வீட்டுக்குப் போன தேதி. உன் பக்கம் தவறு இருந்தால் அதையும் எழுது, எந்தப் பாடத்தை அவசரமாக முடித்தாய் என்று உனக்கே தெரியும். துணைத் தேர்வுக்கு யார் யார் பணம் கட்டியிருக்கிறார்கள், கட்டாதவர்கள் யார் என்று கடைசியில் சேர். நகல் ஒன்று உன்னிடம் வைத்துக்கொள். அதை எழுதி முடித்த அன்று மாலையே, பணம் கட்டாத பிள்ளையின் வீட்டுக்குப் போய்விட்டு வா. துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கொடுப்பது சில நாள்கள்தான்.